சாய்வாக ஓர் உள்பாக்கெட்

"எல்லாரும் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கிட்டா, அவங்கவங்க அம்மா எப்படிம்மா கண்டுபிடிப்பாங்க?"

நூலக்காவின் மகள் ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்த ஒரு நாள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அம்மா அவளைத் தான் தையல் வேலை பார்த்த ஹோட்டலுக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தாள். தரைக்குக் கீழே இருந்த சீருடை அறையில், இரும்புக் கம்பிகளில் நூற்றுக்கணக்கான சட்டைகள், தலையில்லாத மனிதர்கள் வரிசையில் நிற்பதுபோல் தொங்கின. குழந்தை அவற்றுக்கு நடுவே புகுந்து, அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்து, அம்மாவின் முன்னால் நின்று இதைக் கேட்டது.

"பெத்தவளுக்குத் தெரியாதாடி?" என்று சொல்லி அம்மா அப்போதைக்குச் சமாளித்துவிட்டாள். ஆனால் ஊசி முனை உடைந்து விரலுக்குள் தங்கிவிட்டால் எப்படி நெருடிக்கொண்டே இருக்குமோ, அப்படி அந்தக் கேள்வி உள்ளே இருந்து நெருடியது. மறு வாரத்திலிருந்து ஒவ்வொரு சட்டையின் காலருக்கு அடியிலும் ஒரு சின்ன நூல் முடிச்சுப் போட ஆரம்பித்தாள். ஆளுக்கொரு நிறம். வாசல்காரருக்குப் பச்சை, ரிசப்ஷன் பெண்ணுக்கு மஞ்சள் என்று நூறு பேருக்கு நூறு அடையாளம். சலவைக்குப் போய்த் திரும்பி வந்தாலும் யாருடையது யாருக்கு என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நூலக்கா என்ற பெயர் அப்போது வந்து ஒட்டிக்கொண்டதுதான். பதினொரு நாட்டுக்காரர்கள் வேலை பார்த்த இடம் அது. பதினொரு விதமாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எப்படிச் சொன்னாலும் அவள் திரும்பிப் பார்ப்பாள்.

அவளும் எங்கிருந்தோ வந்தவள்தான். கணவன் போன பிறகு, கைக்குழந்தையோடும் ஒரு கத்திரிக்கோலோடும் வந்து நின்றபோது இந்த அறை அவளை உள்ளே விட்டது. ஒரு தையல் மெஷின், ஒரு நீராவி இஸ்திரிப்பெட்டி, ஜன்னலே இல்லாத நான்கு சுவர். காலையில் மெஷின் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கடவுளே, இன்னைக்கும் கை நடுங்காம இருக்கட்டும்" என்பாள். அவ்வளவுதான் அவள் பிரார்த்தனை. அந்த அறைதான் மகளை வளர்த்தது, படிக்கவைத்தது. மகள் இப்போது வேறு ஊரில் நர்ஸ் படிப்பில் கடைசி வருடம். இன்னும் ஒரு வருடம் இந்த மெஷின் ஓடினால் போதும் என்று நூலக்கா விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்து ஹோட்டல் கைமாறியது.

வாங்கியது நாற்பது நாடுகளில் ஹோட்டல் நடத்தும் பெரிய கம்பெனி. முதலில் பெயர்ப்பலகை மாறியது. பிறகு சோப்பின் வாசனை மாறியது. பிறகு விருந்தாளியை வரவேற்கும் வார்த்தைகள் மாறின. கண்ணைக் கட்டிக்கொண்டு எந்த நாட்டில் இறங்கினாலும், கட்டை அவிழ்த்ததும் விருந்தாளிக்கு நேற்றுத் தூங்கிய அறையிலேயே இருப்பதுபோல் தோன்ற வேண்டும். அதுதான் கம்பெனியின் கொள்கை என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். அதுக்கு அவர் நேத்துத் தூங்கின அறையிலேயே இன்னொரு நாள் தூங்கலாமே, விமானம் எதுக்கு என்று பின்வரிசையிலிருந்து வாசல்காரர் முணுமுணுத்ததில், முன்வரிசையில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கத் தலைகீழாக நிற்க வேண்டியிருந்தது.

கடைசியில் கோட்டுகள் வந்தன. பெட்டி பெட்டியாக, சாம்பல் நீல நிறத்தில், ஐந்தே ஐந்து அளவுகளில். நூலக்கா ஒன்றை மேசையில் விரித்து விரலால் தையலைத் தடவிப் பார்த்தாள். எந்த நாட்டு மகராசி தைத்ததோ, ஒரு இடத்தில்கூட நூல் இழுக்கவில்லை. முகம் தெரியாத அந்தக் கைக்கு மனதுக்குள் ஒரு வாழ்த்துச் சொன்னாள். பிறகு பாக்கெட்டில் கையை விட்டாள். கை போகவில்லை. பாக்கெட்டுக்கு மூடி இருந்தது, பாக்கெட் இல்லை. வேலை நேரத்தில் யாரும் கையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்கக்கூடாது என்பதற்காக வாயைத் தைத்துவிட்ட பாக்கெட்.

விதிகளைப் படித்துக்காட்ட ஸ்கேல் வந்தார். அவர் ஊழியர்களுக்கெல்லாம் சூப்பர்வைசர். சட்டைப் பையில் எப்போதும் ஓர் இரும்பு ஸ்கேல் செருகியிருப்பார். படுக்கை விரிப்பின் மடிப்பைக்கூட அதை வைத்து அளந்து பார்ப்பார். முப்பது வருடத்தில் அரை நிமிடம் தாமதமாக வந்தவரில்லை, அரை வார்த்தை அதிகமாகப் பேசியவரில்லை. சிரிப்பதற்கும் அளவு வைத்திருக்கிறார், இன்னும் அந்த அளவு வரவில்லை என்று அவர் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள்.

இனிமேல் கோட்டு யாருக்கும் சொந்தமில்லை என்று படித்தார். அளவு வாரியாக அடுக்கில் தொங்கும். வருகிறவர் தன் அளவில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். போகும்போது அங்கேயே மாட்டிவிட்டுப் போக வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. நூல் முடிச்சுகள் கூடாது. தையல் அறைக்கு இனி பொத்தான் வேலையும் பிரிந்த தையல் வேலையும் மட்டும்தான். புத்தகத்தை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கோட்டுல எதையாவது மாத்தினீங்கன்னு தெரிஞ்சா, இந்த ரூமையே மூடிட்டு வேலையை வெளியில குடுத்துருவாங்கம்மா. மூணு மாசத்துல தலைமை ஆபீஸ்லேர்ந்து பாக்க வருவாங்க. முன்கூட்டியே சொல்லிட்டேன்."

நூலக்கா சரி என்றாள். கீழ்ப்படிய வேண்டும் என்றுதான் நினைத்தாள். அதில் பொய் இல்லை.

நான்காம் நாள் பதினாலு வந்து நின்றாள். பதினாலாம் மாடி அறைகளைச் சுத்தம் செய்கிற பெண். வாயில் நுழையாத பெயர் என்பதால் மாடி எண்ணையே பெயராக்கிவிட்டார்கள், அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பழைய சீருடையின் பாக்கெட்டில் அவள் அம்மா கொடுத்த மரமணி மாலை ஒன்று இருந்தது. ஓர் அறையைச் சுத்தம் செய்து முடித்ததும், கதவைச் சாத்துவதற்கு முன்னால், ஒரு மணியைத் தள்ளிவிட்டு அந்த அறையில் இன்றைக்குத் தூங்கப்போகிறவர் நன்றாகத் தூங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வாள். எந்த நாட்டுக்காரர், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அறைக்கு ஒரு மணி, அவ்வளவுதான். புதுக் கோட்டில் அதை வைக்க இடமில்லை. கையில் சுற்றிக்கொண்டால் நகை, கூடாது என்கிறார்கள். உள்பக்கமாக ஒரு சின்னப் பை தைத்துத் தர முடியுமா என்று கேட்டாள்.

முடியாதும்மா என்றாள் நூலக்கா. காரணத்தையும் சொன்னாள்.

"சரிக்கா," என்றாள் பதினாலு. முகத்தில் வருத்தம்கூட இல்லை. இல்லை என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுப் பழகிய முகம் அது. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சண்டை போட்டிருந்தால் நூலக்கா நிம்மதியாகத் தேநீர் குடித்திருப்பாள். அந்தச் 'சரி'க்குப் பிறகு தேநீர் தொடாமலே ஆறிப்போனது. யார் பெற்ற பிள்ளையோ, முன்பின் தெரியாதவர்களின் தூக்கத்துக்காக இப்படி ஒரு பெண் வேண்டிக்கொண்டிருக்கிறாள். அதற்கு உள்ளங்கை அகலத் துணி இல்லை என்று நான் சொல்லலாமா? தன் மகளும் எங்கோ ஓர் ஊரில் யார் யாருடைய கட்டிலருகிலோ நின்றுகொண்டிருக்கிறாள். அங்கே அவளுக்கு ஒருத்தர் கதவைத் திறந்துவிட மாட்டார்களா? மெஷின் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, ஒதுக்கிப் போட்டிருந்த பழைய சீருடை ஒன்றின் பாக்கெட்டை வெட்டி எடுத்தாள். கோட்டின் இடப்பக்கத்தில், லைனிங் துணியின் இணைப்பைப் பிரித்து, அந்த இணைப்புக்குள்ளேயே வாய் மறையும்படி பையை வைத்துத் தைத்தாள். வெளியிலிருந்து எத்தனை பேர் எத்தனை தடவை பார்த்தாலும் தெரியாது. பையின் அடியில் விரலுக்கு மட்டும் தட்டுப்படுகிற மாதிரி அவளுக்கென்று ஒரு தனி முடிச்சு.

தரைக்குக் கீழே நடக்கிற விஷயம் மேலே போவதற்கு லிஃப்ட்கூட வேண்டியதில்லை. மறுநாளே வாசல்காரர் வந்துவிட்டார். ஒல்லியான உடம்பு, பதினாலுவுக்கும் ரிசப்ஷன் பெண்ணுக்கும் உள்ள அதே நடு அளவுக் கோட்டுதான்; கை மட்டும் ஒவ்வொன்றும் முறம் மாதிரி. தனக்கும் சாமிக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று பெருமையடித்துக்கொள்கிறவர். ஆனால் இறந்துபோன அம்மா எழுதிய கடைசிக் கடிதத்தை நான்காக மடித்து எப்போதும் நெஞ்சருகில் வைத்திருப்பார்.

"சாமி மாலைக்கு மட்டும்தான் பை தைப்பீங்களா நூலக்கா? எங்கம்மாவுக்கு இடம் கிடையாதா?"

அவருக்கும் தைத்தாள். ஆனால் அவர் கை உள்ளே போக மறுத்தது. அரைக்கை போய் மாட்டிக்கொண்டு, இழுத்ததில் லைனிங்கே கையோடு வந்துவிடும்போல் இருந்தது. வாயைச் சற்றுச் சாய்வாக வெட்டித் திரும்பத் தைத்தாள். கை வழுக்கிக்கொண்டு போய் வந்தது. சாய்வாக இருப்பதே எல்லோருக்கும் வசதி என்று கண்டு, பதினாலுவின் பையையும் பிரித்துச் சாய்வாக்கினாள். அதற்குப் பிறகு தைத்ததெல்லாம் சாய்வுதான். ரிசப்ஷன் பெண்ணுக்குக் கட்டைவிரல் அளவே உள்ள ஒரு பிரார்த்தனைப் புத்தகம். சாமான் தூக்குகிறவருக்குத் தன் ஊர்க் கிணற்றடியில் பொறுக்கிய கூழாங்கல். ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி, இன்னொருவருக்கு மகனின் முதல் பல். மூன்று மாதத்தில் நாற்பத்து மூன்று கோட்டுகள். லாண்டரிக்காரர் மட்டும் கூட்டுக் களவாணி. சலவைக்கு முன் உள்ளே இருப்பதை எடுத்துவைத்து, முடிந்ததும் ஒவ்வொரு பையிலும் விரலை விட்டு முடிச்சைத் தடவி, பொருளைத் திரும்பப் போட்டு, அளவு அடுக்கிலேயே யாருடையது எங்கே என்று பிசகாமல் மாட்டிவிடுவார். வீட்டை விட அங்கேதான் பத்திரம் என்று எல்லோரும் தங்கள் பொருளைக் கோட்டிலேயே விட்டுவிட்டுப் போகப் பழகிவிட்டார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வருகிற நாள் வந்தது.

வந்தவர் ஒரு பெண்மணி. வருடத்தில் முக்கால்வாசி நாளை வெவ்வேறு ஊர்களின் ஹோட்டல் அறைகளில் கழிக்கிறவர். சக்கரம் வைத்த பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேதான் எங்கும் நிற்பார். சூட்கேஸ் மேடம் என்று பார்த்த மாத்திரத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். கடுமையானவர் இல்லை. ஆனால் அவர் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

அவர் வந்து இறங்கிய அன்று சாயங்காலம், மறுநாள் சோதனை என்ற நிலையில், நூலக்காவும் லாண்டரிக்காரரும் வீட்டுக்குப் போன பிறகு, ஸ்கேல் சீருடை அறைக்கு வந்திருக்கிறார். அடுக்கு விதிப்படி இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். கோட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒன்றுபோல் இல்லாதது கண்ணை உறுத்தியிருக்கிறது. அத்தனையையும் கழற்றி, உதறி, ஸ்கேலால் அளந்து அளந்து மறுபடி மாட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அளவு மாறவில்லை. ஆள்தான் மாறிப்போனது.

காலையில் அவரவர் வழக்கமான இடத்திலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு மேலே ஓடினார்கள். மேடம் ஏற்கெனவே தன் அறையிலிருந்து இறங்கி வந்து கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். தன் நெஞ்சருகில் இருப்பது தன்னுடையது இல்லை என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்தபோது, கீழே போய் மாற்றிக்கொள்ள வழியில்லை.

முதலில் அகப்பட்டுக்கொண்டவர் வாசல்காரர். பெரிய கதவை எப்போதும் இரண்டு கையாலும் திறந்து, இடுப்பை வளைத்து வரவேற்கிறவர், அன்று ஒற்றைக் கையால் திறந்தார். இடக்கை நெஞ்சின்மேலேயே இருந்தது. பெட்டி தூக்கக் குனியவும் இல்லை. ஒரு மணி நேரம் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த மேடம் பதறிப்போய் அருகில் வந்தார். நெஞ்சு வலியா, எப்போதிலிருந்து, டாக்டரைக் கூப்பிடவா என்று கேட்டார். இல்லை மேடம், ஒன்றுமில்லை மேடம் என்று வாசல்காரர் எவ்வளவோ மழுப்பிப் பார்த்தார். மேடம் ஆம்புலன்ஸுக்குப் போனை எடுத்தபோதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"வலி இல்லை மேடம். கோட்டு மாறிப்போச்சு. இதுக்குள்ள யாரோ சாமி கும்பிடற மாலை இருக்கு. எனக்கு அதோட வழிமுறை ஒண்ணும் தெரியாது. குனிஞ்சா விழுந்துருமோ, நசுங்கிருமோன்னு பிடிச்சுக்கிட்டிருக்கேன். அவ்வளவுதான்."

சாமியோடு பேச்சுவார்த்தை இல்லாத மனிதர் அதைச் சொன்னபோது அவர் காது மடல்வரை சிவந்திருந்ததாக ரிசப்ஷன் பெண் பிற்பாடு சொன்னாள். ஆனால் அவளுடைய நிலைமையும் அதேதான். அவள் கோட்டில் வாசல்காரரின் அம்மாவினுடைய கடிதம் இருந்தது. தெரியாத எழுத்து, தெரிந்திருந்தாலும் பிரித்திருக்க மாட்டாள். வியர்வை பட்டு மை கலைந்துவிடக்கூடாதே என்று ஒரு வெள்ளைத் தாளில் சுற்றித் திரும்ப வைத்தபோது மேடம் பார்த்துவிட்டார். அவளுடைய பிரார்த்தனைப் புத்தகம் பதினாலாம் மாடியில் பதினாலுவிடம் இருந்தது. புனிதப் பொருள் என்று மட்டும் அவளுக்குப் புரிந்ததால், குளியலறையைக் கழுவும் முன் கோட்டைக் கழற்றி உயரமான இடத்தில் மாட்டிவிட்டு, வெறும் சட்டையோடு வேலை செய்துகொண்டிருந்தாள். கோட்டில்லாமல் இருப்பது விதிமீறல் என்பதால் அதுவும் பிடிபட்டது.

பதினோரு மணிக்குச் சீருடை அறைக் கதவு திறந்தது. முன்னால் மேடம், பின்னால் ஸ்கேல், அவருக்குப் பின்னால் மூன்று பேர், வெறும் சட்டையோடு. மேடத்தின் கையில் மூன்று கோட்டுகள். அவற்றை மேசையில் வைத்து, ஒவ்வொன்றாக உட்புறம் வெளியே வரும்படி திருப்பினார். பழைய சீருடையின் சிவப்புத் துணி மூன்று இடத்தில் எட்டிப்பார்த்தது. நூலக்கா மனதுக்குள் வேண்டினாள். ஒரு வருடம், ஒரே ஒரு வருடம்தான் கேட்டேன், கடவுளே.

மேடம் கோபப்படவில்லை. தையலை விரலால் தடவிப் பார்த்தார். மாலையைக் கையில் எடுக்காமல், அதைச் சுட்டி, இது எதற்கு என்று பொதுவாகக் கேட்டார். பதினாலு தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: அறைக்கு ஒரு மணி, தூங்கப்போகிறவருக்காக.

மேடம் அவள் பக்கம் திரும்பினார்.

"நான் பதினாலாவது மாடியிலதான் தங்கியிருக்கேன். நேத்து என் ரூமுக்கும் உண்டா?"

"எல்லா ரூமுக்கும் உண்டு மேடம்."

மேடம் கோட்டை மடித்தார். மடித்தபடியே, இதையெல்லாம் செய்யச் சொல்லி அனுமதி கொடுத்தது யார் என்று கேட்டார். கேட்கத்தான் வேண்டும், அவர் வேலை அது. நூலக்கா வாயைத் திறந்தாள்.

"நான்தான்," என்றார் ஸ்கேல். "எழுத்துல குடுக்கலை. வாயால சொன்னேன். அவங்க செஞ்சாங்க."

முப்பது வருடத்தில் அந்த மனிதர் சொன்ன முதல் பொய் அது. பழக்கமில்லாததால் அதையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராகச் சொன்னார். மேடம் அவரையும் பார்த்தார், நூலக்காவையும் பார்த்தார். பிறகு குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். மாதிரிக்கு ஒரு கோட்டை எடுத்துப்போவதாகவும், முடிவு தலைமை அலுவலகத்திலிருந்து வரும் என்றும், அதுவரை எதையும் பிரிக்கவும் வேண்டாம், புதிதாகத் தைக்கவும் வேண்டாம் என்றும் சொன்னார். மாலை, கடிதம், புத்தகம் மூன்றையும் அவரவர் கையில் கொடுத்துவிட்டு, வாசல்காரரின் கோட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏழு வாரம். நூலக்கா ஏழு வாரமும் ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம், இந்த நூல் தீருவதற்குள் ஆள் வந்து அறையைப் பூட்டுவார்களோ என்று நினைத்துக்கொண்டாள். மகளிடம் போனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். பதினாலு தினமும் வேலை முடிந்து கீழே வந்து, தையல் அறை வாசலில் நின்று ஒரு மணியைத் தள்ளிவிட்டுப் போவாள். அதைப் பார்த்துவிட்டு லாண்டரிக்காரரும் தன் வழக்கப்படி ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தார். ரிசப்ஷன் பெண் வந்தாள். வாசல்காரர்கூட ஒரு நாள் அந்தப் பக்கமாக வந்து, கதவுக்கு எண்ணெய் போடவேண்டும், கிறீச்சிடுகிறது என்று சொல்லிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். கதவு கிறீச்சிடவே இல்லை. யார் எந்த மொழியில் யாரைக் கேட்டார்களோ, கேட்டது ஒரே விஷயத்தைத்தான் என்பது நூலக்காவுக்குத் தெரியும். அறை இருந்தாலும் போனாலும் இதற்கு நான் நன்றி சொல்லியாக வேண்டும் என்று அந்த ஏழு வாரத்தில்தான் அவளுக்குத் தோன்றியது.

எட்டாம் வாரம் ஓர் உறை வந்தது. விதிப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு, அதற்குப் பதிலாகச் செருக வேண்டிய புதுப் பக்கம். அதில் கோட்டின் உட்புறப் படம். இடப்பக்கத்தில், லைனிங் இணைப்புக்குள், வாய் சாய்ந்த ஒரு பாக்கெட். இனி தைக்கப்படும் கோட்டுகளில், நாற்பது நாடுகளிலும், இது இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ளவற்றில் அந்தந்த ஹோட்டலின் தையல்காரர் தைத்துக்கொள்ள வேண்டும். தையல் அறைகள் தொடரும். அவ்வளவுதான், காரணம் ஒரு வரிகூட இல்லை.

நூலக்கா அந்தப் படத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். சாய்வு அளவுகூட மாறாமல் இருந்தது. ஒரு வாசல்காரரின் முறம் போன்ற கைக்காகச் சாய்த்த வாய், இனிமேல் நாற்பது நாட்டில், மெலிந்த கை, குட்டைக் கை, எல்லாக் கைக்கும் சாய்ந்திருக்கும். அது ஏன் சாய்ந்திருக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆளுக்கு ஆள் வேறாக இருக்கட்டும் என்று ஒளித்துத் தைத்ததையே அவர்கள் எல்லோருக்கும் ஒன்றாக்கிவிட்டார்களே என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தாள். பை ஒன்றாக இருந்தால் என்ன? உள்ளே வைப்பது அவரவர் பாடு. எங்கோ முகம் தெரியாத ஒருத்தி கையை உள்ளே விடும்போது, தன் ஊரிலிருந்து எடுத்துவந்த ஏதோ ஒன்று அவளுக்குத் தட்டுப்படும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றி கடவுளே என்று இரண்டு தடவை சொன்னாள். ஒரு தடவை போதாதுபோல் இருந்தது.

லாண்டரிக்காரர்தான் மற்ற செய்தியைக் கொண்டுவந்தார். கம்பெனி ஒரு பயிற்சிப் பள்ளி திறக்கிறது. அங்கே சொல்லிக்கொடுக்க அனுபவசாலிகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஸ்கேலின் பெயர் அந்தப் பட்டியலில் முதலில் இருந்ததாம். பள்ளி வரப்போகும் அந்த ஊரில்தான் அவருடைய மகளும் பேத்தியும் இருக்கிறார்கள். பேத்தியை இன்னும் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாராம். இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. விதியை மீறி வாய்மொழியாக அனுமதி கொடுத்தவர் என்று கோப்பில் ஒரு குறிப்பு ஏறிவிட்டது. பாக்கெட்டை ஏற்றுக்கொண்டவர்களும் அந்தக் குறிப்பை அழிக்கவில்லை.

நூலக்கா போட்டது போட்டபடி கிடக்க, மாடிக்கு ஏறிப் போனாள். ஸ்கேல் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் செஞ்சதுக்கு நீங்க எதுக்கு சார் தலையைக் குடுத்தீங்க?"

அவர் அந்தக் கோடு போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"முந்தின நாள் அடுக்கை மாத்தினப்பவே மாலை கையில தட்டுப்பட்டுச்சும்மா. அப்பவே எனக்குத் தெரியும். புத்தகத்தை எடுத்து மூணு தடவை படிச்சேன். உள்பக்கத்தைப் பத்தி ஒரு வரியும் இல்லை. விதி இல்லாத இடத்துல ஒரு பொண்ணு நல்லது பண்ணியிருக்கா. அதுக்கு அனுமதி குடுக்கற இடத்துல இருக்கிறவன் நான். அன்னைக்கு ராத்திரியே குடுத்துட்டேன், உங்ககிட்ட சொல்லலை, அவ்வளவுதான். போங்க, வேலையைப் பாருங்க."

ஆக, அது முழுப் பொய்யும் இல்லை. உங்கள் கோட்டுக்கும் ஏதாவது செய்து தரட்டுமா சார் என்று நூலக்கா கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். கம்பெனி குடுத்தது குடுத்தபடி போதும்," என்று சொல்லிப் பதிவேட்டுக்குத் திரும்பினார். திரும்பியபோதுதான் அவள் கவனித்தாள். வலப்பக்கக் கழுத்தில், காலர் படுகிற இடத்தில், தோல் சிவந்து தடித்திருந்தது. அவருடைய இடத்தோள் வலத்தோளைவிட இரண்டு விரல்கடை இறக்கம். கோட்டோ சமமான தோள்களுக்குத் தைத்தது. அது இடப்பக்கமாகச் சரிந்து, மறுபக்கக் காலரைக் கழுத்தில் வைத்து அறுத்துக்கொண்டிருந்தது. பேசும்போதெல்லாம் கட்டைவிரலால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதை அதிகாரப் பழக்கம் என்று இத்தனை மாதமும் எல்லோரும் கேலி செய்துகொண்டிருந்தார்கள். அவள் இரண்டு தோளையும் கண்ணால் அளந்துகொண்டு இறங்கி வந்தாள்.

அந்த வாரம் அவர் விடுப்பு எடுக்கிற நாளில், மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, நூலக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். அடுக்கின் கடைசியில் தொங்கிய பெரிய அளவுக் கோட்டை எடுத்தாள். அந்த அளவு அவர் ஒருவருக்குத்தான். கம்பி ஹேங்கர் ஒன்றை எடுத்து, இடப்பக்கத்தை மெல்ல வளைத்து, மனதில் இருந்த தோளின் அளவுக்கு இறக்கினாள். கோட்டை அதில் மாட்டியதும் அப்படியே அந்த மனிதர் எதிரில் நிற்பதுபோல் சரிந்தது. இடத்தோளின் லைனிங்கைப் பிரித்தாள். பழைய சீருடை ஒன்றின் தோளிலிருந்து எடுத்த பஞ்சுத் துணியை இரண்டு மடிப்பாக வைத்து, ஓரம் தோலுக்குத் தெரியாதபடி கத்திரியால் செதுக்கிச் செதுக்கி மெலிவாக்கினாள். காலர் நேராகி உட்கார்ந்தது. பிறகு, ஏற்கெனவே ஊசி போய்வந்த அதே துளைகளில், ஒன்று விடாமல், திரும்ப ஊசியை விட்டு மூடினாள். அவளே இனி தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. தைத்து முடிக்கும்வரை அந்தப் பேத்திக்காகவும், தாத்தாவைப் பார்க்கும் நாள் சீக்கிரம் வரட்டும் என்றும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

நீராவி விட்டு அழுத்தி, கோட்டை அதன் இடத்தில், இடைவெளி பிசகாமல் மாட்டினாள். வளைத்த ஹேங்கரை நேராக்கி மற்றவற்றோடு போட்டாள். தரையில் உதிர்ந்திருந்த நூல் துண்டுகளைப் பெருக்கி எடுத்தாள். இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு சாப்பிடப் போனாள்.